வாசலில் கும்பிடுவதும் உள்ளே போவதும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம் என்று வாசலிலேயே கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுபவர்கள் உண்டு. ஒவ்வொரு சந்நிதிக்குள்ளும் போய், தீபாராதனை பார்த்து, திருநீறு வாங்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. 14 கிலோமீட்டர் இருவருக்கும் ஒன்றுதான். ஆகும் நேரம்தான் வேறு.

ஜாவாவின் ஜேஎன்டிஐ-யில் நிரல் எழுதும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாதைதான் நினைவுக்கு வரும். பெயர்களையும் அவற்றுக்குரிய பொருள்களையும் அடுக்கி வைத்திருக்கும் கோப்பகத்திடம், ‘இதன் கீழே என்னென்ன இருக்கின்றன?’ என்று கேட்க அதில் இரண்டு வழிகள். ‘லிஸ்ட்’ என்றால் பெயர், ஒரு முக்காற்புள்ளி, அது எந்த கிளாஸ் என்ற விவரம். அவ்வளவே திரையில் வரும். ‘லிஸ்ட்பைண்டிங்ஸ்’ என்றால் அந்தப் பொருளே கைக்கு வந்துவிடும். பெயரை மட்டும் காட்ட வேண்டிய இடத்தில் பொருளையெல்லாம் எதற்குத் தூக்கி வர வேண்டும்? வெற்றுப் பெயரைக் கொடுத்தால், நாம் நிற்கும் இடத்தையே பட்டியலிடுகிறது என்பது இன்னோர் அழகு.

ஆனால் நான் மிகவும் ரசிப்பது, பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கும்போது கேட்கும் ‘ஹாஸ்மோர்’ என்ற சின்னக் கேள்வியை. இதே வேலையைச் செய்யும் ஜாவாவின் பழைய எனுமரேஷனிடம் ‘இன்னும் இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘உண்டு’, ‘இல்லை’ என இரண்டே பதில்தான். கோப்பகமோ வேறெங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. நடுவழியில் இணைப்பு அறுந்துபோகலாம். ‘இதற்கு மேல் தர மாட்டேன்’ என்று சர்வரே எல்லை போட்டிருக்கலாம். அப்போது ‘இல்லை’ என்றால் அது பொய். அதனால் ஹாஸ்மோருக்கு மூன்றாவதாகவும் ஒரு பதிலைக் கொடுத்திருக்கிறார்கள்: எக்ஸப்ஷன். எல்டேப் என்ற கோப்பக வகை சர்வர் ஒன்றில் எல்லை 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 பெயரையும் ஒன்றுவிடாமல் கொடுத்துவிட்டு, அடுத்ததைக் கேட்கும்போதுதான் எல்லை மீறியதைச் சொல்கிறது. வந்ததைக் கெடுப்பதில்லை, வராததை மறைப்பதுமில்லை. இதை யோசித்து எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஈசானிய லிங்கம் வரை நடந்தவருக்குச் சுற்று தானாக நிறைவதுபோல, ஹாஸ்மோர் ‘இல்லை’ என்றதும் பிடித்து வைத்த வளங்கள் தாமாக விடுபட்டுவிடும். பாதியில் திரும்புவதாக இருந்தால் மட்டும், ‘குளோஸ்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.