சேர்க்கையும் இருக்கையும்: இரு தலித் தன்வரலாறுகளில் பொதுக்கல்வியின் சமத்துவம்

முன்னுரை

கல்வியில் சமத்துவம் என்பது பெரும்பாலும் சேர்க்கை எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. உள்ளே வந்த குழந்தை எங்கே அமர்ந்தது, எக்குழாயில் நீர் அருந்தியது, ஆசிரியரிடம் வினா எழுப்ப அதற்கு இடமிருந்ததா என்பன அவ்வளவு எளிதில் கணக்கில் வருவதில்லை. அறிக்கைகள் விட்ட இவ்விடத்தைத் தலித் தன்வரலாறுகள் நிரப்பியுள்ளன. ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ (இந்தி, 1997), பாமாவின் ‘கருக்கு’ (தமிழ், 1992) ஆகிய இரு நூல்களையும் பொதுக்கல்வி குறித்த சான்றுரைகளாகக் கொண்டு இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது.

தலித் தன்வரலாறுகளை ‘வலியின் பதிவு’ என வகைப்படுத்துவது திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. அவ்வகைப்பாடு தவறன்று, ஆயினும் குறையுடையது. வலி என்னும் சொல் வாசகரின் இரக்கத்தைக் கோருகிறதே அன்றி, நிறுவனத்தின் பொறுப்பை வினவுவதில்லை. இவ்விரு நூல்களும் இரக்கத்தைக் கோருபவை அல்ல. பள்ளி என்னும் அமைப்பு இயங்கும் முறையை உள்ளிருந்து விளக்குபவை.

துடைப்பமும் பலகையும்

வால்மீகி 1950இல் உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்துப் பர்லா என்னும் சிற்றூரில், துப்புரவுத் தொழிலோடு பிணைக்கப்பட்ட சூஹ்ரா சமூகத்தில் பிறந்தவர். அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து தீண்டாமையை ஒழித்த ஆண்டும் அதுவே. எனவே ‘ஜூட்டன்’ காட்டும் பள்ளி, சட்டம் இல்லாத காலத்துப் பள்ளியன்று. சட்டம் வந்த பின்னரும் மாறாத பள்ளி. அங்கே சிறுவனுக்குச் சேர்க்கை கிடைத்தது. ஆனால் தலைமையாசிரியர் அவனையே துடைப்பம் செய்துகொள்ளச் சொல்லி வகுப்பறைகளையும் திடலையும் பெருக்கச் செய்தார். மூன்றாம் நாள் வகுப்பில் அமர்ந்தவனைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து மீண்டும் பெருக்கவைத்தார்.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது கொடுமை மட்டுமன்று. அச்சிறுவன் வருகைப் பதிவேட்டில் மாணவன், திடலில் துப்புரவாளன். சாதி விதித்த தொழிலைப் பள்ளி அகற்றவில்லை. தன் எல்லைக்குள் அதற்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தது. தற்செயலாக அவ்வழி வந்த தந்தை துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்து தலைமையாசிரியரை எதிர்த்து நின்றார். சிறுவன் வகுப்பறைக்குத் திரும்பியது ஒரு தந்தையின் துணிவாலும் பின்னர் ஊர்த்தலைவரின் தலையீட்டாலுமே அன்றி, எந்த விதியாலும் அன்று. அத்தகைய தந்தை வாய்க்காத குழந்தையின் நிலை என்ன என்னும் வினாவை நூல் சொல்லாமல் சொல்கிறது.

வறுமையால் துரோணர் தம் மகனுக்குப் பாலுக்குப் பதிலாக மாவு கரைத்த நீரைத் தந்த கதையை ஆசிரியர் உருக்கமாகச் சொல்லும் இடம் மேலும் நுட்பமானது. சோற்றுக்கஞ்சி குடித்து வளரும் தம்மவர் ஏன் காவியத்தில் இடம்பெறவில்லை என மாணவன் கேட்கிறான். விடையாக முதுகில் பிரம்படி விழுகிறது. பாடநூலின் வறுமைக்கு இரங்கும் வகுப்பறை, எதிரில் அமர்ந்திருக்கும் வறுமையைத் தண்டிக்கிறது. மேல்வகுப்பில் வேதியியல் செய்முறைக் கூடத்திலிருந்து அவர் விலக்கப்பட்டதும் இதன் தொடர்ச்சியே. ஆய்வுக்கூடம் மறுக்கப்பட்ட மாணவன் தேர்வில் தோற்கும்போது, அத்தோல்வி அவனது தகுதிக்குறைவாகப் பதிவாகிறது. விலக்கல், மதிப்பெண்ணாக உருமாறும் முறை இது.

திருச்சபையும் சேரியும்

‘கருக்கு’ காட்டும் களம் வேறு. அரசுப் பள்ளிக்கு மாறாக இங்கே கிறித்தவ நிறுவனங்களின் செல்வாக்கு மிகுதி. சமத்துவத்தைப் போதிக்கும் சமயம் கல்வியை நடத்துகிறது. எனினும் விளையாட்டின்போது தேங்காய் திருடியதாகச் சிறுமி மீது பழி விழுந்தபோது, தலைமையாசிரியர் எல்லார் முன்னிலையிலும் சாதியைச் சுட்டி இழிவுபடுத்துகிறார். மீண்டும் வகுப்புக்குள் நுழையப் பங்குத்தந்தையின் கடிதம் தேவைப்படுகிறது. நிர்வாகம் அரசுடையதாயினும் திருச்சபையுடையதாயினும், ஊரின் அதிகார வரிசை பள்ளி வாயிலில் நின்றுவிடுவதில்லை என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும் முதன்மையான முடிவு.

நன்றாகப் படித்தால் மதிப்புத் தானே வரும் என்னும் அண்ணனின் அறிவுரையைப் பற்றிக்கொண்டே பாமா முன்னேறுகிறார். ஆனால் பின்னர்த் துறவியாகக் கல்வி நிறுவனங்களுக்குள் நுழைந்தபோது, வசதி படைத்தோர் பிள்ளைகள் பயில்வதையும் தம் மக்கள் அங்கே ஏவல் பணிகளில் இருப்பதையும் காண்கிறார். அறிவுரை பொய்க்கவில்லை, போதாமையை வெளிப்படுத்திற்று. தனியொருவரின் உயர்வு அமைப்பைத் திருத்துவதில்லை என்பதை அவர் துறவு மடத்தை விட்டு வெளியேறிய செயல் உணர்த்துகிறது.

பாலின நோக்கிலும் இரு நூல்களை இணைத்து வாசித்தல் இன்றியமையாதது. ‘ஜூட்டனில்’ படிப்பு நின்றுபோகும் நிலையில், கணவனை இழந்த அண்ணி தம் வெள்ளிக் கொலுசைத் தருகிறார். ஆண்பிள்ளையின் கல்விக்குப் பெண்ணின் நகை விலையாகிறது. அப்பெண்ணின் கல்வி பற்றிய வினாவை நூல் வளர்த்தெடுக்கவில்லை. இதனை அந்நூலின் குறையாகவே கொள்ளலாம். அவ்விடத்தைக் ‘கருக்கு’ ஈடுசெய்கிறது.

சட்டமும் சான்றும்

இவை முந்தைய தலைமுறையின் அனுபவங்கள் எனக் கூறி அமைதி காண்போர் உளர். 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் குழு பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. அது முழுமையாக நிறைவேறவில்லை. 2002இல் அரசியலமைப்பின் 86ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உறுதிசெய்ததோடு, நலிந்த பிரிவுக் குழந்தைகள் பாகுபாட்டிற்கு உள்ளாகாமல் காப்பதை அரசின் கடமையாக்கி, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்தது. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வியிலும் சமத்துவத்தை மேம்படுத்தும் விதிமுறைகளை வெளியிட்டது. பாகுபாடு மறைந்திருப்பின் இத்தடைகள் தேவைப்பட்டிரா. இலக்கியம் முன்னரே சொன்னதைச் சட்டம் பின்னர் ஒப்புக்கொண்டது எனலாம்.

முடிவுரை

இரு நூல்களும் கல்வியைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. காயப்படுத்திய பள்ளியே இருவருக்கும் எழுத்தைத் தந்தது. அவ்வெழுத்தே பள்ளியை விசாரிக்கும் கருவியாயிற்று. இம்முரணை மறைக்காமையே இவற்றின் வலிமை. ஆனால் இவை கரையேறியவர்களின் நூல்கள் என்பதையும் வாசகர் மறத்தலாகாது. இடையில் நின்றுவிட்டவர்களுக்குத் தன்வரலாறு இல்லை. எனவே இவற்றை வெற்றிக் கதைகளாகப் பாடத்திட்டத்தில் வைப்பது போதாது. இந்நூல்கள் கற்பிக்கப்படும் அதே வகுப்பறையில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் யார், அவர் அங்கே அமர்ந்தது எதனால் என வினவும்போதே இவற்றின் வாசிப்பு நிறைவெய்தும்.