நடுகல்லும் நெல்லிக்கனியும்: தருமபுரியில் உள்ளூர் வரலாற்று வாசிப்பு

ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் பயிலும் மாணவரைத் தம் ஊரின், வட்டத்தின், மாவட்டத்தின் கடந்த காலத்தைப் பற்றிப் படிக்கத் தூண்டுவது நல்ல வழக்கம் என்பதில் கல்வியாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் அவ்வாசிப்பு வரலாற்று அறிவை வளர்க்கிறதா, ஊர்ப்பெருமையை மட்டும் வளர்க்கிறதா என்பது, மாணவர் கையில் எது கொடுக்கப்படுகிறது, படித்ததை எதனோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் பழக்கப்படுகிறார்கள் என்பவற்றைப் பொறுத்தது. பழந்தமிழ் நூல்களில் தகடூர் என வழங்கப்பட்ட தருமபுரி, இவ்வழக்கத்தின் வலிமையையும் குறையையும் ஒருசேரக் காட்டும் மாவட்டமாகும்.

வலிமை சான்றுகளின் அண்மையில் இருக்கிறது. நடுகல் என்பது ஆநிரை மீட்டோ ஊர் காத்தோ உயிர்நீத்தவருக்கு எடுக்கப்படும் நினைவுக்கல். தருமபுரியிலும் அதனை அடுத்த செங்கம் பகுதியிலும் பல்லவர் காலத்து வட்டெழுத்துப் பொறிப்புகளோடு இவை மிகுதியாகக் கிடைத்துள்ளன. மன்னனின் ஆட்சியாண்டைக் கூறித் தொடங்கும் இப்பொறிப்புகள், பாடநூலில் இடம்பெற வாய்ப்பே இல்லாத எளிய வீரன் ஒருவனின் பெயரையும் அவன் இறந்த சூழலையும் சில வரிகளில் சொல்லி முடிக்கின்றன. செங்கம் பகுதியின் எடுத்தனூர்க் கல்லோ, தலைவனோடு நின்று போராடிய கோவிவன் என்னும் நாயையும் பெயரிட்டு நினைவுகூர்கிறது. தருமபுரிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட ‘அதியமான் பெருவழி’க் காதக்கல் இதற்கு இணையான மற்றொரு சான்று. காதம் என்னும் பழைய நெடுந்தொலைவு அளவில் 29 என்னும் எண்ணைத் தமிழ் எண்குறியால் காட்டும் அக்கல், எழுத்தறியாத வழிப்போக்கரும் உணரும்படி, பத்துக்குப் பெரிய குழியும் ஒன்றுக்குச் சிறிய குழியுமாக அதே எண்ணை மீண்டும் காட்டுகிறது. பன்னிரண்டு வயது மாணவர் இக்கல்லைப் பற்றிப் படித்துவிட்டுக் குழிகளைத் தாமே எண்ணிப் பார்க்கும்போது, வரலாறு சான்றிலிருந்து கட்டப்படுவது என்பதை எந்த விளக்கவுரையும் இல்லாமல் அறிந்துகொள்கிறார்.

ஆனால் நடைமுறையில் மாணவரை முதலில் சென்றடைவது கல் அன்று, கதை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி அரிய நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்த செய்தி சங்கப் பாடலை அடியாகக் கொண்டதே எனினும், அந்த ஔவையே ஆத்திசூடியையும் இயற்றினார் என்ற மயக்கம், பல நூற்றாண்டுகள் இடையிட்டு வாழ்ந்த புலவர்களை ஒருவராக்கி விடுகிறது. இதனினும் பெரிய இழப்பு, அதியமானின் கதை கொடையோடு நின்றுவிடுவது. சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றதைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் போற்றுகிறார். ஔவையின் பாடல்களோ அதியமான் பக்கம் நின்று பேசுகின்றன. பகைமுனையின் இரு பக்கத்துக் குரல்களும் ஒரே மொழியில் கிடைக்கும் இத்தகைய வாய்ப்பு வேறு பல ஊர்களுக்கு இல்லை. அதனைப் பயன்படுத்தாமல் வள்ளல் புகழை மட்டும் மனப்பாடம் செய்விப்பது வருந்தத்தக்கது. மேலும், சதியபுதோ என்னும் பட்டத்தோடு அஞ்சியின் பெயரைத் தாங்கிய தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டு 1981இல் கிடைத்த இடம் தருமபுரி அன்று, திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பை. அப்பட்டத்தோடு இணைத்துப் பார்க்கப்படும் பெயர் அசோகரின் பாறைக் கட்டளைகளில் உள்ளது. ஆகவே மாவட்ட எல்லைக்குள் அடைபட்ட வாசிப்பு, தன் தலைவனையே முழுமையாகக் காண இயலாது. இன்றைய எல்லையும் பழமையானதன்று: 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டத்திலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது.

அடுத்த குறை நூல்களின் இன்மை. தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்னும் படிநிலைகளில் சிறு நூல்களை வழங்குகிறது. தேன்சிட்டு இதழ் நடுநிலை மாணவரைக் கருதியே வெளிவருகிறது. இவை பாராட்டத்தக்க முயற்சிகள். ஆனால் மாநிலம் முழுமைக்குமானவை. தொல்லியல் துறை 1970களில் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளோ ஆய்வாளருக்கு உரியவை. 2022இல் பெரும்பாலையில் நடைபெற்ற அகழாய்வும், 1790களில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும், அன்று பாராமகால் எனப்பட்ட இந்நிலத்தில் உழவரிடமே நேரடியாக வரி விதித்து உருவாக்கிய ரயத்துவாரி முறையும் மாணவர் மொழியில் எழுதப்பட்டால், பாட்டன் நிலத்துப் பட்டாவுக்கும் பாடநூலுக்கும் உள்ள தொடர்பு விளங்கும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதம் மாநிலத்திலேயே மிகக் குறைவாக, ஏறத்தாழ 68.5 விழுக்காடாக இருந்த மாவட்டத்தில், வீட்டில் நூல் இருக்கும் என எதிர்பார்த்து வாசிப்பைத் திட்டமிடுவது பொருந்தாது. சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என வாய்மொழியாகச் சொல்லி வரும் வழக்காறு, வாய்மொழி என்பதற்காகவே வரலாற்றுப் பாடத்திற்கு வெளியே நிற்க வேண்டியதில்லை. முதியோரிடம் கேட்டு எழுதுவதும் வாசிப்பின் பகுதியே.

ஊர்ப்பெருமை சாதிப்பெருமையாக மாறும் அபாயமும் உண்டு. பழைய தலைவனைத் தம் குலத்தவன் என உரிமை கோரும் வெளியீடுகள் சான்றற்றவையாயினும் எளிதில் கிடைக்கின்றன. சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட் 1978இல் வெளியிட்ட ‘நிற்கும் இடத்தைத் தோண்டு’ என்னும் நூல், தொழிலாளர் தம் ஆலையின் வரலாற்றைத் தாமே ஆராய வேண்டும் என்றது. அந்நூல் வேண்டியது பெருமையை அன்று, கேள்வியை.

அக்கேள்விக்கு உண்மையான சோதனை வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டத்தின் அச்சிற்றூரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பழங்குடி மக்கள் மீது வன்கொடுமை புரிந்தனர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடன் இருந்த 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் 2011இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. பாலியல் வன்முறையின் விவரங்கள் நடுநிலை மாணவருக்கு உரியவை அல்ல என்ற தயக்கம் நியாயமானது. எனினும், ஓர் ஊர் அழிக்கப்பட்டதும், அம்மக்கள் 19 ஆண்டுகள் தளராமல் நின்று தீர்ப்புப் பெற்றதும் எட்டாம் வகுப்பு மாணவர் அறிந்துகொள்ளத் தக்கவையே. அதியமானைப் படித்து வாச்சாத்தியைப் படிக்காத மாணவர் தம் மாவட்ட வரலாற்றில் பாதியையே படித்தவராவார். மாவட்டத்தின் தமிழாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் ஒன்றுகூடி, நடுகல் முதல் வாச்சாத்தி வரையான சிறு வாசிப்பு நூல்களை, ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று எது என்பதைக் குறித்து எழுத முன்வர வேண்டும்; அச்சிட்டுப் பள்ளிதோறும் சேர்ப்பிக்கும் பொறுப்பைக் கல்வித்துறை ஏற்க வேண்டும்.