எக்ஸ்குவெரி 3.1: மாட்யூலை எப்போது ஏற்றுவது?

எக்ஸ்எம்எல் தரவுக்கான வினவல் மொழியான எக்ஸ்குவெரியை இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி 2007இல் தரநிலையாக அறிவித்தபோதே, வேறொரு கோப்பிலுள்ள ஃபங்ஷன்களை வினவலுக்குள் கொண்டுவரும் ‘இம்போர்ட் மாட்யூல்’ வரி அதில் இருந்தது. அந்த வரிக்குக் கறாரான ஒரு விதி உண்டு. எந்த மாட்யூல், அது எங்கே இருக்கிறது என்பதை மேற்கோள் குறிக்குள் நேரடியாக எழுதிவிட வேண்டும். மாறிக்கு அங்கே இடமில்லை.

கடிதம், நாடகம், அகராதி என்று வகைக்கொரு காட்சி மாட்யூல் தேவைப்படும் டிஇஐ (நூல்களை எக்ஸ்எம்எல்லில் குறிக்கும் முறை) ஆவணத் தொகுப்பில் இந்த விதி இறுக்கிப் பிடிக்கிறது. எல்லா மாட்யூல்களையும் முன்கூட்டியே இம்போர்ட் செய்தாக வேண்டும். அகராதி மாட்யூலில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் போதும், வினவலே கம்பைல் ஆகாது. அகராதியைத் தொடாத கடிதப் பக்கமும் திறக்காது.

2017 மார்ச்சில் வந்த 3.1 பதிப்பின் ‘லோட்-எக்ஸ்குவெரி-மாட்யூல்’ ஃபங்ஷன் இந்தப் பிடியைத் தளர்த்துகிறது. எக்ஸ்எம்எல் தரவுத்தளமான எக்ஸிஸ்ட்-டிபியில் ஓட்டிப் பார்த்தேன். வினவல் ஓடும்போதே ஆவணத்தின் வகையைப் பார்த்து, அதற்குரிய மாட்யூலை மட்டும் ஏற்ற முடிகிறது. அதைப் பிழை பிடிக்கும் ‘ட்ரை-கேட்ச்’சுக்குள் வைத்துவிட்டால் அகராதி மாட்யூலின் பிழை அகராதியோடு நின்றுவிடுகிறது. புதிய வகை ஒன்று சேரும்போது மைய வினவலில் இன்னொரு இம்போர்ட் வரி எழுத வேண்டியதில்லை. இத்தனை காலம் ஏங்கிய வசதி இது.

ஆனால் ஏற்றிய பின் கையில் கிடைப்பது ஒரு மேப், அதாவது சாவி-மதிப்பு அட்டவணை. ஃபங்ஷன்கள் ஒரு பக்கம், மாறிகள் ஒரு பக்கம். வேண்டிய ஃபங்ஷனை முதலில் அதன் பெயரால், பிறகு அது ஏற்கும் ஆர்க்யுமென்ட்களின் எண்ணிக்கையால் தேடி எடுக்க வேண்டும். பிரைவேட் என்று குறித்தவை அதில் வரவே வராது. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் மேப் புகார் சொல்லாது, வெறுமையைத்தான் தரும். அந்த வெறுமையை ஃபங்ஷனாக அழைக்கும்போதுதான் பிழை வெடிக்கிறது. அதுவும் ‘டைப் பொருந்தவில்லை’ என்ற முகத்தோடு. எந்தப் பெயர் தவறு என்று அதிலிருந்து கண்டுபிடிப்பது பெரும்பாடு. நிலையான இம்போர்ட்டில் இதே தவறு வினவல் ஓடத் தொடங்கும் முன்பே, ஃபங்ஷனின் பெயரோடு பிடிபடும்.

அதனால் என் தேர்வில் தயக்கமில்லை. தேதி, மொழி, பாதை கையாளும் பொது மாட்யூல்களுக்குப் பழைய இம்போர்ட்டே போதும். வகைக்கேற்ப மாறும் அந்த ஒரே இடத்துக்கு மட்டும் புதிய ஃபங்ஷன். அதையும் நேரடியாக அழைக்காமல், ஒரு சின்ன உறை ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்கள். தேடியது மேப்பில் இல்லையென்றால் மாட்யூல், ஃபங்ஷன், ஆர்க்யுமென்ட் எண்ணிக்கை மூன்றையும் சொல்லி அது பிழை எழுப்பட்டும்.

வகைப் பெயர் இணைய முகவரியிலிருந்து வருகிறதென்றால், அதை அப்படியே மாட்யூலின் இருப்பிடமாக மாற்றி அனுப்பாதீர்கள். எந்த நிரல் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் சாவியை முகம் தெரியாதவரிடம் கொடுப்பதாகிவிடும். அனுமதித்த வகைகளுக்கும் அவற்றின் இருப்பிடங்களுக்கும் நிலையான ஒரு மேப் வைத்து, அதில் இல்லாததை அங்கேயே மறுத்துவிடுங்கள்.