பெருவெடிப்பும் முதற் சூத்திரமும்

சைதாப்பேட்டையில் எழுந்தருளியுள்ள சிவபெருமானுக்குக் காரணீசுவரர் என்பது திருநாமம். அதனைக் கார் எனப் பிரித்து மழையோடு இயைப்பாரும் உளர். காரணனாகிய ஈசுவரன் எனக் கொள்ளுதற்கும் அஃது இடந்தரும். அங்ஙனம் கொள்ளின், எதற்குக் காரணன், எவ்வகைக் காரணன் என்னும் வினாக்கள் எழும். இவற்றிற்கு விடை கூறப் புகும் அன்பர் சிலர், உலகம் பெருவெடிப்பில் தோன்றிற்று என வானநூலார் நிறுவினமையின் மெய்கண்டதேவர் கூறிய முதல்வனும் நிறுவப்பட்டான் என்று மகிழ்வர். அம்மகிழ்ச்சி சித்தாந்தத்திற்கு அரணாகுமா என்பது ஆராயற்பாலது.

வானநூலார் கூறுவது யாதெனின், அண்டத்தொகுதி விரிந்துகொண்டே செல்கின்றது. அவ்விரிவைப் பின்னோக்கிக் கணிப்பின், ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகட்கு முன் யாவும் மிக்க வெம்மையும் செறிவும் உடையனவாய் இருந்தன என்பதாம். அதற்கு முன் யாதும் இல்லை என்பது அவர் நிறுவியதன்று. இக்கொள்கைக்கு 1931-இல் வித்திட்ட லெமைத்தர் என்பார் பெல்ஜிய நாட்டுப் பாதிரியார். போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் 1951-இல் இதனைப் படைப்பிற்குச் சான்றாக எடுத்துரைத்தார். லெமைத்தரோ, தம் கொள்கை சமய வினாக்களுக்குப் புறம்பானது என்று 1958-இல் வெளிப்படக் கூறினார். அப்பாதிரியாரே வேண்டாத துணையைச் சைவர் நாடுதல் என்னை?

அன்றியும், இல்லாதது தோன்றுதலும் உள்ளது முற்ற அழிதலும் இல்லை என்பது சற்காரியவாதம். பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அனாதி. குடத்திற்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். அவ்வாறே உலகிற்கு முறையே மாயை, சத்தி, சிவன் என்க. சூனியத்தினின்று உலகம் ஒருநாள் உண்டாயிற்று என்பது இதற்கு மறுதலை. சிவஞானபோத முதற் சூத்திரத்தின் மூன்று அதிகரணங்களும் நிறுவுவன, உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது என்பதும், ஒடுங்கிய இடத்தினின்றே மீளத் தோன்றும் என்பதும், ஒடுக்குவோனே முதல்வன் என்பதுமாம். முதல் நாள் ஒன்றைத் தேடுதல் ஆண்டு இல்லை.

சிவஞானசித்தியார் பரபக்கத்துள் மறுக்கப்பெற்ற மீமாஞ்சகர், உறுப்புக்கள் தோன்றி மறையினும் உலகம் முழுமையும் என்றும் உள்ளதே என்பர். அண்டம் எக்காலத்தும் ஒருபடித்தாய் நிற்கும் என ஹாயில் முதலிய வானநூலார் 1948-இல் கூறியது இதனை ஓராற்றான் ஒக்கும். இக்கடா எளிதன்று; புரி ஒவ்வொன்றும் எளிதில் அறுமாயினும் திரித்த கயிறு அங்ஙனம் அறாது; ஆதலின், பகுதியின் இயல்பை முழுமைக்கு ஏற்றுதல் யாண்டும் செல்லாது. வானநூல் உதவும் இடம் இதுவே. விண்ணெங்கும் பரவிய நுண்ணலைக் கதிர்வீச்சைப் பற்றி 1965-இல் வெளிவந்த செய்தி, அண்டம் முழுமையுமே முன் ஒரு நிலையினதாயும் இன்று பிறிதொரு நிலையினதாயும் இருத்தலைக் காட்டி அவர் கொள்கையைத் தளர்த்தியது. அதனால் முழுமையும் விகாரமுடையது என்பது பெறப்படும். கர்த்தா உண்டென்பது பெறப்படாது. சடமாய் விகாரப்படுவது அறிவுடைப் பொருளொன்றால் தொழிற்படுத்தப்படும் என்னும் அனுமானமே கர்த்தாவை நிறுவும்.

அற்றேல், உலகிற்குக் கர்த்தா வேண்டுமாயின் அக்கர்த்தாவிற்கும் ஒரு கர்த்தா வேண்டுமே எனின், 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்னும் தாள் வாயிலாக நாத்திகம் பரப்பிய சென்னை இலௌகிக சங்கத்தார் போல்வார்க்கு அக்கடா இயல்பே. எல்லாவற்றிற்கும் தொடக்கம் உண்டென்பார் அதற்கு விடையின்றி இடர்ப்படுவர். சித்தாந்தி இடர்ப்படான். உயிருக்கும் மாயைக்குமே தோற்றம் கூறாதவன், விகாரமில்லாத பதிக்குத் தோற்றம் தேடுவானல்லன்.

வெடிப்பொன்றினின்று பெறப்படும் கடவுள் ஒருகால் தொழிற்பட்டு ஓய்ந்தவனாவான். உலகம் எதன்பொருட்டு என்பதற்கு அவ்வெடிப்பில் விடையில்லை. சித்தாந்தத்தின் சங்காரகருத்தாவோ, பிறந்திறந்து இளைத்த உயிர்களை ஒடுக்கத்தில் இளைப்பாற்றி, அவற்றின் மலம் நீங்குதற்பொருட்டு மீளத் தனு கரண புவன போகங்களைக் கூட்டுவிப்பவன். அவ்வருள் நோக்கத்தை விடுத்து நாட்கணக்கைப் பற்றுவோர், நாளைக்கு அக்கணக்கு மாறின் தம் கடவுளையும் உடன் இழப்பர் என்பது ஓர்ந்துணரத்தக்கது.