கமக்காரரின் தாங்குதிறனும் உதவித்திட்டங்களின் மதிப்பீடும்

தாங்குதிறன் என்பது இடர் வந்துற்றவிடத்து நிலைகுலையாது நின்று, மீண்டும் தன் தொழிலைத் தொடரும் ஆற்றலாகும். ஆதலின் அஃது இடர் நேரும்போதன்றி வெளிப்படாது. போரால் நலிந்த கமக்காரரிடையே இவ்வாற்றலை வளர்ப்பதாகக் கூறும் திட்டங்களை மதிப்பிடுவோர் இவ்வுண்மையைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்றபின், வன்னி மக்கள் முகாம்களினின்றும் படிப்படியாகத் தத்தம் ஊர்களுக்கு மீண்டனர். அவர்களுக்கு விதைநெல்லும் கருவிகளும் வழங்கப்பட்டன. குளங்களும் வாய்க்கால்களும் திருத்தப்பட்டன. இவை வேண்டியனவே என்பதில் ஐயமில்லை. ஆயின், வழங்கிய மூடைகளையும் திருத்திய கிணறுகளையும் எண்ணிக் காட்டுவதோடு அமையும் அறிக்கையைக் கணக்கு எனலாமன்றி மதிப்பீடு எனல் பொருந்தாது. மதிப்பீடு இரண்டு வினாக்களுக்கேனும் விடை கூறல் வேண்டும்.

முதலாவது, உதவி வருமுன் மக்களிடம் எஞ்சியிருந்தது யாது என்பது. இவ்வினாவின் பயனை ஆபிரிக்காவிலுள்ள ருவாண்டா நாட்டின் அனுபவம் நன்கு விளக்கும். 1994ஆம் ஆண்டு அங்கு நிகழ்ந்த இனப்படுகொலையின் பின், போஞ்சி விதைகள் அழிந்தொழிந்தன என அஞ்சிப் பலர் விதை வழங்க முற்பட்டனர். ஆயினும், பின்னர் ஆராய்ந்தோர் போஞ்சியினங்கள் பெரும்பாலும் அழியாதிருந்தமையைக் கண்டனர். கமக்காரர் தம் சேமிப்பினின்றும் உள்ளூர்ச் சந்தையினின்றும் விதை பெற்றிருந்தனர். புறத்தேயிருந்து வரும் விதையைச் சார்ந்திருந்த உருளைக்கிழங்குச் செய்கையே பெரிதும் இடருற்றது. விதை இல்லாமை வேறு. உள்ள விதையை வாங்கப் பொருளில்லாமை வேறு. இவ்வேறுபாட்டை உணராதார் நோயறியாது மருந்து கொடுப்பாரை ஒப்பர்.

இரண்டாவது, அடுத்த இடர் வந்தபோது ஊர் எவ்வாறு நின்றது என்பது. வன்னியில் இதனை அறிதற்கு வாய்ப்புகள் பல நேர்ந்தன. 2016, 2017ஆம் ஆண்டுகளிற் கடும் வரட்சி வந்தது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2022இல் நாடே பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளிற் கணக்கை முடித்துக்கொண்ட திட்டம் இவற்றுள் ஒன்றையேனும் கண்டிராது. விளைச்சல் மிகுந்த ஆண்டிற் கண்ட வருமானப் பெருக்கம், பயிர் பொய்த்த ஆண்டில் நகையை அடைவு வைத்தும் ஒரு கடனை மற்றொரு கடனால் அடைத்தும் வாழும் நிலையாக முடியுமாயின், அதனைத் தாங்குதிறன் எனக் கொள்ளல் எங்ஙனம்? வரட்சியுற்ற 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசு முற்பட்டமை, இவ்வினா வெறுங் கற்பனையன்று என்பதைக் காட்டும்.

உதவி பெறாத ஊரோடு ஒப்பிட்டால் உண்மை புலனாகும் என்பர். அதுவும் எளிதன்று. தெருவோரத்து ஊரே உதவியை முதலிற் பெறுமாயின், அவ்வூர் உதவியின்றியும் விரைவில் மீளக்கூடியதே. காணியற்றோரையும் குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கும் பெண்களையும் வேறாக நோக்காத சராசரிக் கணக்கும் இவ்வாறே மயக்கந் தரும்.

இத்தகைய ஆய்வு காலத்தையும் பொருளையும் மிகுதியாக வேண்டி நிற்கும் என்பது உண்மையே. எனினும், திட்டம் முடிந்து சில ஆண்டுகள் சென்றபின், மழை பொய்த்த ஒரு பெரும்போகத்தில் அவ்வூருக்கு மீண்டும் சென்று, விதைநெல் வீட்டில் எஞ்சியுள்ளதா எனக் கேட்டறிதல் அரிய செயலன்று. அவ்விடையைப் பெறாத அறிக்கை, கொடுத்தவரின் மனநிறைவுக்குச் சான்றாகலாம். பெற்றவரின் வாழ்வுக்குச் சான்றாகாது.