தோடியை ஆட்டும் இரண்டு குமிழ்கள்

குன்றத்தூரிலிருந்து ஒரகடத்துக்கு ஷிஃப்ட் பஸ் ஏறும் இன்ஸ்ட்ருமென்டேஷன்காரர்களுக்கு ஜீரோ, ஸ்பான் இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. மட்டமானியின் சிக்னல் தொட்டி காலியானால் 4 மில்லிஆம்பியர், நிறைந்தால் 20. தொடக்கப் புள்ளியைத் திருத்துவது ஜீரோ, வீச்சைத் திருத்துவது ஸ்பான். அனலாக் சிந்தசைசரில் இதே வேலையை ஆஃப்செட், லெவல் என்ற இரண்டு குமிழ்கள் செய்கின்றன. ஊஞ்சலை எந்தக் கிளையில் கட்டுவது என்பது ஆஃப்செட். எவ்வளவு வீசி ஆட்டுவது என்பது லெவல்.

தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அது அசைந்தால்தான் தோடி. மூக் வகைக் கருவிகளில் ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட். அரைச்சுரம் ஒன்றுக்குச் சுமார் 83 மில்லிவோல்ட். சுத்த ரிஷபத்திலிருந்து சுத்த மத்தியமம் நான்கு அரைச்சுர தூரம், அதாவது மூன்றில் ஒரு பங்கு வோல்ட். அசைவைத் தரும் மெதுவான ஆசிலேட்டரான எல்எஃப்ஓவோ மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை 10 வோல்ட் வீசுகிறது. அப்படியே விட்டால் காந்தாரம் பத்து ஸ்தாயி பாயும்! வீச்சை முப்பதில் ஒன்றாக்கி, நடுப்புள்ளியைச் சட்ஜத்துக்கு மேலே கால் வோல்ட்டில் நிறுத்த வேண்டும்.

அதற்கு ரிச்சி தெருவில் வாங்கும் ஒரு டிஎல்072 ஆப்-ஆம்ப் போதும். உள்ளீட்டில் 300 கே ரெசிஸ்டர், ஃபீட்பேக்கில் 10 கே: வீச்சு முடிந்தது. மைனஸ் 12 வோல்ட்டிலிருந்து 470 கே ரெசிஸ்டரையும் 20 கே டிரிம்பாட்டையும் வரிசையாகக் கோத்து ஆப்-ஆம்பின் அதே மைனஸ் உள்ளீட்டு முனைக்குக் கொண்டுவந்தால், டிரிம்பாட் நடுவில் நிற்கும்போது கால் வோல்ட். அந்த முனை எப்போதும் பூஜ்ய வோல்ட்டிலேயே நிற்பதால் இரு மின்னோட்டங்களும் கூடுமே தவிர ஒன்றையொன்று கெடுக்காது. ஆஃப்செட்டை முதலில் சேர்த்து, பிறகு மொத்தத்தையும் லெவலால் குறைத்தால் இந்தச் சுகம் இல்லை; வீச்சைத் தொட்டாலே சுருதியும் நழுவும்.

ஆஃப்செட், லெவல் ஜோடியைச் சுருதியில் மட்டுமல்ல, நாதத்திலும் கேட்கலாம். பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு தந்தார். அதிலும் ஒரு தோடி உண்டு. இந்துஸ்தானித் தோடி, நம் கணக்கில் சுபபந்துவராளி. இசைத்தட்டின் பேஸ் வரிகள் ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் சிந்தசைசருடையவை. அந்தப் பெட்டியில் கட்ஆஃப் குமிழ்தான் ஃபில்டரின் ஆஃப்செட். ஃபில்டரை அசைக்கும் என்வலப்பின் லெவல், என்வ் மாட் குமிழ். கட்ஆஃபை இறக்கி என்வ் மாடை ஏற்றினால் ஒவ்வொரு சுரமும் வாய் திறந்து மூடும். மாற்றி வைத்தால் அதே சுரங்கள் பளிச்சென்று, சலனமின்றி நிற்கும். சிகாகோவின் ஃப்யூச்சர் குழு இதே பெட்டியின் குமிழ்களைத் திருகி ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டது 1987-இல்தான்.

ஆனாலும் எல்எஃப்ஓவின் தோடி இயந்திரத் தோடிதான். வித்வான் பிரயோகத்துக்கும் காலப்பிரமாணத்துக்கும் ஏற்ப வீச்சைக் கூட்டிக் குறைப்பார், ஒரு முனையில் சற்றே தங்குவார். அதை நெருங்க வேண்டுமானால் சுரம் ஒலிக்கும்போதே கை குமிழில் இருக்க வேண்டும். சிந்தசைசர் வாங்கப் போகிறவர்கள் எத்தனை ஆசிலேட்டர் என்று கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் ஆசிலேட்டர் ஒன்றே தாராளம். லெவலும் ஆஃப்செட்டும் மட்டும் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் வேண்டும், குமிழ்கள் கைக்கு அடக்கமாகப் பெரிதாகவும் இருக்க வேண்டும்.