கீசருக்குள் ஒரு கம்பி

சேலையூர், செம்பாக்கம் பக்கம் போர் தண்ணீரில் குளிப்பவர்களுக்குத் தெரியும்: கீசர் பழசானால் முதலில் சத்தம்தான் மாறும். போன மார்கழியில் பிளம்பர் எங்கள் வீட்டுக் காயிலை வெளியே எடுத்தார். சுண்ணாம்பில் புரட்டிய முறுக்கு! அந்தச் சுண்ணாம்புப் படிவைத் தாண்டித்தான் சூடு தண்ணீருக்கு வரவேண்டும்.

எனக்குப் பிடித்தது, பக்கத்தில் இளைத்துக் கிடந்த மக்னீசியம் கம்பி. டாங்க் துருப்பிடிக்காமலிருக்கத் தான் முதலில் கரைந்துபோகும். வீட்டுக்கு ஒரு பெரியம்மா இருப்பாரே, அப்படி.

ஷவர் சொட்டியது வேறு கதை. தொட்டி 10 மீட்டர் மேலே இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். மேல்மாடியில் எங்களுக்கு 3 மீட்டர்கூடத் தேறாது. ஷவர் தலையை ராத்திரி வினிகரில் ஊறப்போட்டோம். அடைத்த துளைகளாவது திறந்தன.

புதுக் கீசர் வாங்குமுன் அந்தக் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். அதை மட்டும் தனியாக மாற்றலாம்.